கரியமில வாயு குடிச்ச நாத்து

இல்லய்யா, அது சாராயம் இல்ல. அன்னிக்கே தொண்ட கிழியக் கத்தினேனே, நீங்களும்தான அந்த லாரி பக்கத்துல நின்னுக்கிட்டு இருந்தீங்க? சம்சு சாராயம் காச்சுறதுன்னா ஒரு அடுப்பு வேணாமா, ஒரு கொழாய் வேணாமா, புடிச்சு வைக்க நாலு போத்தலாச்சும் வேணாமா? வீட்டையே தலகீழாப் பொரட்டினீங்க. என்ன கெடச்சுது? ஜாடி. ஜாடிக்குள்ள மலாக்கா வெல்லமும் தண்ணியும். சுத்தி வரிசையா தொட்டி, தொட்டி பூரா செடி. செடிக்கு நடுவுல வச்சா எவனாச்சும் சம்சு காச்சுவான்?

உக்காருங்க. அந்த நாக்காலி வேணாம், கால் ஆடும். இதுல உக்காருங்க. பின்னாடி ரூமப் பாக்கலாம், அது எங்க ஓடியா போயிரும்? கோப்பி போடட்டா? கேசு நடக்கற வீட்டுல வாய் நனைக்கக் கூடாதோ? சரி, தண்ணியாச்சும் குடிங்க, வெயில்ல வந்திருக்கீங்க. வெறும் தண்ணிதான்யா. மோந்து பாத்துட்டே குடிங்க, நான் தப்பா நெனைக்க மாட்டேன்.

ஜாடியெல்லாம் கோர்ட்டுக்குக் கொண்டு போவணுமா? அதுக்குத்தான் வந்தீங்களா? கொண்டு போங்க. அந்த ஜாடியால நான் பட்ட பாட்டுக்கு, அதுங்க இந்த வீட்ட விட்டுத் தொலைஞ்சா தேங்கா ஒடைப்பேன். ஆனா அதுக்கு முந்தி ஒரு தடவ முழுசாக் கேளுங்க. அன்னிக்கு வந்த பெரிய அதிகாரி என்னைய ஒரு பேச்சு முடிக்க விடல. எங்க வீட்டுக்காரரு இங்கிலீசுல சொன்னாரு, அதையும் கேக்கல. சிரிச்சாரு. செடிக்கு சாராயம் ஊத்தறியா மேன்னு கேட்டுட்டு, ஜீப்புல ஏத்துன்னுட்டாரு. நீங்க சிரிக்கல. அத நான் பாத்தேன். அதனாலதான் சொல்றேன்.

எங்க வீட்டுக்காரரு பேருதான் உங்க தாள்லயே இருக்கே, அப்பாசாமி. என் வாயால சொல்ல வச்சிட்டீங்க. ஆத்தோரம் ஒரு ரப்பர் கம்பெனி ஆபீசுல கிராணி, கணக்கெழுதற வேல. குடிக்க மாட்டாரு, ரோக்கோ, சுருட்டு எதையும் தொட மாட்டாரு. ஒரே கெட்ட பழக்கம், எதையாவது படிச்சார்னா அத வீட்டுல செஞ்சு பாக்காம விட மாட்டாரு.

மெர்டேக்கான்னு சொதந்திரம் வந்துச்சில்லையா, அந்தக் கம்பெனித் தொர, இனிமே நமக்கு இங்க என்ன வேலன்னு சாமானெல்லாம் வித்துட்டுக் கப்பலேறிட்டாரு. அவரு பங்களாவுல ஆர்க்கிட் பூ ஒரு கூட்டமே இருந்துச்சு. ரெண்டு சாதிப் பூவ ஒண்ணோட ஒண்ணு சேத்து, வெதயெடுத்து, கண்ணாடிப் போத்தல்ல மொளைக்க வச்சிருந்தாராம். தலைமயிரு மாதிரி பச்சையா இத்துனூண்டு. அத எங்க வீட்டுக்காரரு கையில குடுத்து, நீ வளத்துக்கோ அப்பாசாமி, பூத்துச்சுன்னா எனக்கு எழுதுன்னுட்டுப் போயிட்டாரு. மத்தவங்களுக்கெல்லாம் தொரைங்க போகும்போது மேச குடுத்தாங்க, பீங்கான் குடுத்தாங்க, சைக்கிள் குடுத்தாங்க. எனக்கு வந்து சேந்தது போத்தல்ல மயிரு. அதோட ஒரு கட்டு இங்கிலீசுப் புஸ்தகம், தோட்டம் போடறதப் பத்தி.

அந்தப் புஸ்தகத்துலதான் சனியன் ஒக்காந்திருந்துச்சு.

ஆர்க்கிட்டு நாத்து பூக்கறதுக்கு வருசக்கணக்காவுமாம். அவ்ளோ நாள் யாரு பொறுக்கறது? அதுல போட்டிருக்கானாம், குளிர் தேசத்துல கண்ணாடி வீட்டுக்குள்ள செடிய வச்சு, கரியமில வாயுவ உள்ள விடுறாங்க, செடி மளமளன்னு வளருதுன்னு. நாம மூச்சு விடுறோமே, அந்தக் காத்துத்தானாம். நமக்கு அது கழிவு, செடிக்கு அதான் சோறாம். மண்ணுல இருக்கறது வெறும் உப்பு புளிதான், சோறு காத்துலதான் இருக்கு பாக்கியம்னு எனக்குப் பாடம் எடுத்தாரு. நான் சொன்னேன், அப்ப நீங்க போயி அதுங்க பக்கத்துல ஒக்காந்து மூச்சு விடுங்க, எனக்கு வேல கெடக்குன்னு. கேட்டாரா? அதையும் செஞ்சு பாத்தாரு! ஞாயித்துக்கிழம பூரா நாத்து முன்னாடி ஒக்காந்து ஊதுனாரு. பைத்தியக்காரன் மாதிரி.

சிரிக்கிறீங்க. கூட வாழ்ந்து பாருங்க, தெரியும்.

பின்னாடி ரூமு என்னோடது. நான் தையல் தைக்கிறவ. இந்த காஜா பேராங் ஊருல பாதிப் பொம்பளைங்களுக்கு ரவிக்க என் கைதான். அந்த ரூமுல நல்ல வெளிச்சம், கூரையில ரெண்டு கண்ணாடி ஓடு இருக்கு. எனக்குத்தான் வெளிச்சம் வேணும்னு நானே போடச் சொன்னது. செடிக்கும் வெளிச்சம் வேணுமாம். வெளிச்சம் இல்லாம வாயுவ மட்டும் குடுத்தா அது தின்னாதாம். ஒரு நாள் நான் பாசார் போயிட்டு வரேன், என் மிசினு நடையில நிக்குது. ரூமுல இன்னும் கொஞ்சம் கண்ணாடி ஓடு ஏத்தியாச்சு. சன்னல் இடுக்கெல்லாம் தாள் ஒட்டியாச்சு. உள்ள சூடு ஏறக் கூடாதுன்னு ஈரச் சாக்கு தொங்குது. அன்னிலேர்ந்து நான் இந்த நடையிலதான் தைக்கிறேன். போறவங்க வர்றவங்க இடிச்சிக்கிட்டுப் போவாங்க. ஊசி கையில ஏறாத நாள் இல்ல.

இருங்க, நான் சொல்லி முடிக்கிறேன். ரூமு அங்கதான் இருக்கு.

முதல்ல கரியப் போட்டு எரிச்சாரு. கரி எரிஞ்சா அந்த வாயு வருமில்ல? வந்துச்சு, அதோட புகையும் வந்துச்சு. கண்ணு எரியுது, ரவிக்கத் துணியெல்லாம் கரி வாட. ஒரு நாயுடு வீட்டுக் கல்யாணப் பட்ட எடுத்துட்டுப் போயி தொவைச்சுக் காயப் போட்டுட்டு அழுதேன். செடியாச்சும் வளந்துச்சா? இலையெல்லாம் மஞ்சப் பூத்துக் கொட்டுச்சு. பாதி நாத்து அதுலயே போச்சு. அன்னிக்கு இவரு சாப்பிடல. நான் நெனச்சேன், சரி, இத்தோட விட்டுருவாருன்னு.

விடல. அடுத்தது சோடா உப்புல காடிய ஊத்துனாரு. அது புஸ்ஸுன்னு பொங்கும், அந்த நிமிசமே அடங்கிரும். என் காடி தீந்ததுதான் மிச்சம். ஊறுகாய்க்கு வச்சிருந்தது.

அப்பத்தான் பக்கத்து வீட்டு சீதா. மலாக்காச் செட்டிங்க, பல தலமொறையா இங்கயே இருக்கறவங்க, அவளும் இந்தக் கம்பத்துல, இதே ஊருலயே பொறந்து வளந்தவ. பேருதான் நம்ம பேரு, கோயிலு சாமி எல்லாம் நம்ம மாதிரிதான், தமிழ் மட்டும் வராது. நாங்க மலாய்லதான் பேசிக்குவோம். அவ நோன்புப் பெருநா சமயத்துல விக்கறதுக்குத் தப்பாய்னு ஒரு பண்டம் செய்வா. சோத்துல ரகி, அந்தப் புளிக்க வைக்கற மாவத் தூவி மூடி வச்சா இனிப்பாப் புளிக்குமே, அதான். அவ பானைய மூடி தொறக்கும்போது இவரு பாத்துட்டாரு. உள்ள புசுபுசுன்னு நொர கட்டுது. கேக்காம கொள்ளாம ஒரு நெருப்புக் குச்சியக் கிழிச்சு பானை வாய்க்குள்ள காட்டுறாரு. பொசுக்குன்னு அணைஞ்சு போச்சு. இன்னொண்ணு கிழிக்கிறாரு, அதுவும் அணையுது. அணையுது பாத்தியா, அணையுது பாத்தியா, அதான் அது, பாக்கியம்னு குதிக்கிறாரு மனுசன். சீதா கரண்டிய எடுத்துக்கிட்டு அடிக்க வந்துட்டா. கீலா, கீலான்னு கத்துறா. பைத்தியம்னு அர்த்தம், உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். அவ சொன்னதுல என்ன தப்பு?

அதுலேர்ந்துதான் வெல்லமும் ரகியும். சோத்த விட வெல்லம் நல்லாப் பொங்குதாம். புகையில்ல, சூடில்ல, அது பாட்டுக்குக் கொமிழி விட்டுக்கிட்டே கெடக்கும். காலைல வெளிச்சம் வந்ததும் ரூமச் சாத்துவாரு, பொழுது சாஞ்சா தொறந்து விடுவாரு. ஆபீசுக்குப் போறப்ப ஒரு பார்வ, வந்ததும் வேட்டி கூட மாத்தாம ஒரு பார்வ. என் மூஞ்சிய அப்படிப் பாத்து எத்தனையோ வருசமாச்சு.

நீங்க எந்த ஊரு, தம்பி? தம்பின்னு சொல்லலாமில்ல? என் கடைசித் தம்பி வயசுதான் இருப்பீங்க. தைப்பிங்கா? அங்க மழ பேயுமாமே நெதமும். கல்யாணம் ஆயிருச்சா? ஆகலையா. ஆனப்புறம் இந்தக் கதைய உங்க வீட்டம்மாகிட்ட சொல்லுங்க, அவங்களுக்குப் புரியும்.

மணி பாக்காதீங்க. லாரி வர நேரமாவும், அந்த சந்துல திரும்பாது, தெருவ சுத்தித்தான் வரணும்.

எங்க விட்டேன்? ம், கோழி. எங்க வீட்டு வெடக்கோழி ஒண்ணு, முட்ட போட எடம் தேடிக்கிட்டு அந்த ரூமுக்குள்ள பூந்துருச்சு. யாரும் பாக்கல, கதவச் சாத்தியாச்சு. மத்தியானம் காணோமேன்னு தேடுறேன். சாயங்காலம் இவரு வந்து தொறக்கறாரு, ஜாடிக்குப் பக்கத்துல தரையில கழுத்தச் சாச்சிக்கிட்டுக் கெடக்குது. செத்துருச்சுன்னுதான் நெனச்சேன். தூக்கிட்டு வந்து வாசல்ல போட்டோம். கொஞ்ச நேரம் கழிச்சு ஒரு கண்ணத் தொறக்குது, அப்புறம் ஒரு காலு, அப்புறம் எந்திரிச்சு ஒண்ணுமே நடக்காத மாதிரி கொக்கரிச்சிட்டுப் போவுது. இவரு சொல்றாரு, அந்த வாயு காத்த விட கனம், தரையில தங்கிரும், அதான் கோழி மயங்கிருச்சு, நாம நின்னா ஒண்ணும் ஆகாது, ஆனா நீ குனிஞ்சு கூட்டாத, உள்ள போறதுக்கு முந்தி கதவத் தொறந்துட்டுக் கொஞ்ச நேரம் வெளிய நில்லுன்னு.

எனக்கு வந்துச்சே கோவம். விஷக் காத்த வீட்டுக்குள்ள உண்டாக்கி வச்சிட்டு, நில்லு, குனியாதன்னு எனக்குச் சட்டம் போடறாரு. நான் சொல்லிட்டேன், இனிமே அந்தப் பக்கம் என் நெழலு கூட வராது, நீங்களாச்சு உங்க நாத்தாச்சுன்னு. அன்னிலேர்ந்து அந்த ரூமுக்குள்ள நான் கால வைக்கல.

வளந்துச்சான்னு கேக்கறீங்களா? இத யாருமே கேக்கல தம்பி. நீங்கதான் கேட்டிருக்கீங்க. வளந்துச்சுன்னுதான் அவரு சொல்லுவாரு. மிஞ்சுனதுல பாதி நாத்த வேணும்னே வெளிய தாவாரத்துல வச்சிருந்தாரு, வாயு இல்லாம. ரெண்டையும் ஒண்ணா வச்சுக் காட்டுவாரு. நான் மிசின விட்டுத் தலைய நிமுத்த மாட்டேன். ரெண்டும் புல்லு மாதிரிதான் இருக்குதுன்னுருவேன். அவரு மூஞ்சி தொங்கிப் போயிரும். தொங்கட்டும்னு விட்டுருவேன். எனக்கு என் ரூமு வேணும்.

வாசனதான் எங்கள மாட்டி விட்டுச்சு. வெல்லம் புளிச்ச வாட சும்மாவா இருக்கும்? காத்தடிச்சா கம்பம் பூரா மணக்கும். எனக்குத் துணி குடுக்கற பொம்பளைங்க மூக்கச் சுளிச்சாங்க. அப்புறம் ஒருத்தி ஒருத்தியா நின்னுட்டாங்க, கள்ளுக்கட வீட்டுல எப்புடி ரவிக்க தைக்கக் குடுக்கறதுன்னு. என் வீடு கள்ளுக்கட! அந்த தனபாலன் இருக்கானே, வண்டி இழுக்கறவன், அவன் ஒரு நாள் பொழுது சாயறப்ப கிளாசும் கையுமா வந்து இந்தப் படியில ஒக்காந்துக்கிட்டான். அண்ணே, கொஞ்சம் ஊத்துங்கன்னு. இவரு சண்டையா போட்டாரு? கூட்டிட்டுப் போயி செடியக் காட்டி, கரியமில வாயுன்னா என்னன்னு பாடம் எடுத்திருக்காரு! அவன் ரொம்ப நேரம் கேட்டுட்டு, அதெல்லாம் சரிண்ணே, தண்ணிய எங்க வச்சிருக்கீங்கன்னான். இல்லப்பான்னதும் கோவிச்சிக்கிட்டுப் போனான். ஊரெல்லாம் அவன்தான் சொன்னானா, வேற யாரும் சொன்னாங்களா, எனக்குத் தெரியாது. நீங்களும் சொல்லப் போறதில்ல. விடுங்க.

உங்க ஆளுங்க மேலயும் நான் குத்தம் சொல்லல. வாட அடிச்சா வந்துதான் பாப்பீங்க. ஊறல் போட்டாலே குத்தம்னு சட்டம் இருக்குன்னா இருக்கட்டும். ஆனா ஒரு மனுசன் சொல்றத ஒரு தடவ நின்னு கேட்டா கொறஞ்சா போயிருவாங்க? இவரு அந்தப் புஸ்தகத்தப் பிரிச்சுக் காட்டறாரு. அந்த அதிகாரி அத வாங்கி வாசல்ல வீசறாரு. அப்புறம் என்ன, ரூம சாத்தி, கம்பி போட்டு, அரக்கு வச்சு முத்திர குத்திட்டு, கேசு முடியற வரைக்கும் யாரும் தொடக் கூடாதுன்னுட்டுப் போயிட்டீங்க. உள்ள நாத்து இருக்கு, தண்ணி ஊத்தணும்னு இவரு ஜீப்புலேர்ந்து கத்திக்கிட்டே போறாரு. தெரு பூரா வேடிக்க பாக்குது. அப்பக்கூட வீட்ட பாத்துக்கோ பாக்கியம்னு ஒரு வார்த்த இல்ல. நாத்து!

ஜாமீனுக்கு யாரு வருவா? கம்பெனியில புதுசா வந்த மேனேசரு, சாராயக் கேசுல எங்கள இழுக்காதீங்கன்னுட்டாரு. புக்கிட் ரம்பாயில என் கூடப் பொறந்தவன் மருதமுத்து இருக்கான், அவன் வாசல்ல போயி நின்னேன். மகளுக்குப் பேசி முடிச்சிருக்கேன் அக்கா, மாப்ள வீட்டுல கேள்விப்பட்டா என்ன ஆவும்னு அவன் பாதி சொல்றான், பொண்டாட்டி உள்ளேர்ந்து மீதி சொல்றா. சாப்பிட்டுப் போ அக்கான்னான். சோறு எறங்குமா எனக்கு?

லாக்கப்புல ஒரு தடவ பாக்க விட்டாங்க. கருவாட்டுக் கொழம்பு வச்சு, சோறு கட்டிட்டுப் போனேன். ஆளு பாதியாயிட்டாரு. தாடி. அந்தக் கம்பிக்குப் பின்னாடி ஒக்காந்திருந்தாரு. அவரு எந்திரிச்சு வந்தாரு. நான் நெனைக்கிறேன், இப்ப கேப்பாரு, எப்புடி இருக்க, தனியா பயமா இல்லையா, தையல் வருதா, ஏதாச்சும் ஒண்ணு. என்ன கேட்டாரு தெரியுமா? நாத்துக்குத் தண்ணி ஊத்துனியாடி? எப்புடி ஊத்தறது, சீல் வச்சிருக்காங்கல்லன்னேன். அவ்ளோதான். அப்படியே செவுத்துல சாஞ்சி ஒக்காந்துட்டாரு. சோத்த நீட்டுனேன், தொடல. அங்க காவலுக்கு இருந்த மலாய்க்காரரு என்னையப் பாத்து, வந்ததுலேர்ந்து இப்படித்தான் அக்கா, சாப்பாட்டத் திருப்பித் திருப்பி அனுப்பறாருங்கறாரு.

நான் திட்டுனேன் தம்பி. வாய்க்கு வந்தபடி திட்டுனேன். என் ரூமப் புடுங்குனீங்க, என் பொழப்பக் கெடுத்தீங்க, ஊரு சிரிக்க வச்சீங்க, இப்பப் பட்டினி கெடந்து என்னையத் தாலியறுக்கவும் வைக்கப் போறீங்களான்னு. அவரு செடி செத்துருமேன்னு மட்டும் சொன்னாரு. மொணகுனாரு, எனக்குச் சொல்ற மாதிரி கூட இல்ல.

வீட்டுக்கு வந்து மிசின்ல ஒக்காந்தேன். நூலு அறுந்துக்கிட்டே இருக்கு. கோக்கறேன், அறுவுது. கோக்கறேன், அறுவுது.

எங்க போறீங்க? இருங்க, நானும் வரேன், அந்த எடத்துல வழுக்கும். சாவியா? சாவி வேணாம் தம்பி. தொறந்துதான் இருக்கு.

சீல் கம்பியத் தேடாதீங்க. துணி வெட்டற கத்திரிக்கோலாலதான் நறுக்கினேன். பட்டு வெட்டறதுக்குன்னு வச்சிருந்த கத்திரிக்கோலு, வாய் மழுங்கிப் போச்சு. கதவத் தொறந்துட்டு வெளிய நின்னேன், அவரு சொன்ன மாதிரி. அப்புறம் உள்ள போனேன். ஓட்டுக்கு நேர் கீழ இருந்த வரிச பூராக் காஞ்சி போச்சு, அத ஒண்ணும் பண்ண முடியல. மத்ததெல்லாம் தலை தொங்கிக் கெடந்துச்சு. தண்ணி தெளிச்சேன், சாக்க நனைச்சேன். மறுநாளு பாக்கறேன், நிமுந்து நிக்குது. அப்பத்தான் தாவாரத்துல இருந்த நாத்துல ஒண்ண எடுத்தாந்து பக்கத்துல வச்சுப் பாத்தேன். தாவாரத்துது என் சுண்டு வெரலு நகம் அளவு. ரூமுல இருந்தது கிளி மூக்கு மாதிரி இலை தடிச்சு, வெள்ள வெள்ளையா வேரு விட்டு, தொட்டியவே கட்டிப் புடிச்சிக்கிட்டு நிக்குது. அவரு பொய் சொல்லல தம்பி. இத்தன நாளு காட்டுனப்ப நான் தலையத் தூக்கிப் பாக்கல.

ஜாடியெல்லாம் அடங்கிக் கெடந்துச்சு, கொமிழியே இல்ல. ஊத்திட்டுக் கழுவுனேன். சீதாகிட்ட ரகி வாங்கிட்டு வந்து, வெல்லத்தத் தட்டிப் போட்டு, நானே புதுசாக் கலந்து வச்சிட்டேன். ஆமா, பொங்குது பாருங்க. நீங்க முத்திர வச்ச சரக்கு இதுல ஒரு சொட்டு இல்ல. கோர்ட்டுக்கு இத எடுத்துட்டுப் போனீங்கன்னா, இது நான் போட்ட ஊறல். எழுதிக்குங்க. பேரு பாக்கியம், தையல்காரி.

நீங்க ஏன் இப்படி நிக்கறீங்க? உங்க மேல தப்பு வராம எழுதுங்க. பொடவ மாத்திக்கிட்டு வந்துர்றேன், லாரியிலயே ஏறிக்கறேன். நான் இல்லாதப்ப சீதா பாத்துக்குவா. கீலா கீலான்னுக்கிட்டேதான் ஒத்துக்கிட்டா. பொம்பளைங்களத் தனியாத்தான் வைப்பாங்களாமே, அவரப் பாக்க விட மாட்டாங்களே? அப்ப நீங்கதான் போயி சொல்லணும் தம்பி. தண்ணி ஊத்தியாச்சாம், வெல்லம் போட்டாச்சாம், கம்முன்னு சோத்தத் தின்னுத் தொலைப்பீங்களாம்னு உங்க வீட்டுக்காரி சொன்னான்னு.